இடது கைப் பிசிறு

அத்தியாயம் 12

பவுடரைக் கொஞ்சம் குறைத்துப் போட்டிருக்கலாம். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில் என்று வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு வந்து நின்றான் இளங்கோ. பூங்குழலி முந்தானையால் துடைத்துவிட்டாள். முப்பத்தொன்பது வயது ஆம்பளைக்கு அக்கா பவுடர் துடைத்துவிடுகிறாளா என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இன்று அவன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறான்.

"பையைக் காட்டு கண்ணு. எல்லாம் எடுத்து வெச்சுட்டியா?"

திறந்து காட்டினான். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், துண்டு. அடியில் நூல் வெட்டுகிற சின்னக் கட்டர்கள் இரண்டு. சிவப்புக் கயிறு கட்டியது அவனுடையது. பச்சைக் கயிறு கட்டியது அம்மா ஆயம்மாளுடையது.

"கம்பெனியிலயே கட்டர் குடுப்பாங்க. இது ரெண்டும் எதுக்கு?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு அம்மாவுக்கு."

"அம்மாதான் ஊருக்குப் போயிருக்குதே."

"வந்தா வேணுமில்ல?" என்று ஜிப்பை இழுத்து மூடினான்.

பூங்குழலி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு இத்தனை நாளாகச் செய்து வந்ததைத்தான் இன்றும் செய்தாள். "சரி, நேரமாச்சு. வண்டியில ஏறு" என்றாள்.

ஆயம்மாள் இனி வரமாட்டாள் என்பது வாராவாரம் படித்து வருகிற உங்களுக்குத் தெரியும். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அவள் மூச்சு அடங்கியதும், நேரே மடத்துக்குளத்துக்குக் கொண்டுபோய்ப் புருஷனுக்குப் பக்கத்திலேயே தோட்டத்தில் அடக்கம் செய்தாயிற்று. கருமாதியும் முடிந்தது. இங்கே அனுப்பர்பாளையம் முழுக்கத் தெரியும். இளங்கோவுக்கு மட்டும்தான் தெரியாது.

அன்றைக்கு சித்தப்பா ஆறுச்சாமிதான் போனில் சொன்னார். "அவனக் கூட்டிட்டு வந்தராத சாமி. பாத்து மெரண்டு சத்தம் கித்தம் போட்டான்னா யாரு சமாளிக்கறது? அப்பறமா மெல்லச் சொல்லிக்கலாம்." பூங்குழலியும் சரியென்றுவிட்டாள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் பாவம் என்று விட்டுவிடலாம். பூங்குழலி செய்யலாமா? மனவளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்காக 'கூடவே' என்ற அறக்கட்டளையைத் தொடங்கி, பத்து வருஷமாகத் தலைமையில் இருந்து நடத்துகிறவள் அவள். "எங்க பிள்ளைகளுக்கு உங்க இரக்கம் வேண்டாம், வேலை குடுங்க" என்று மேடைக்கு மேடை பேசுகிறவள். "வீட்டுல சாவு விழுந்தா மறைக்காதீங்க. அவங்களுக்குப் புரியும், நேரம்தான் கொஞ்சம் கூட ஆகும்" என்று ஒவ்வொரு தாயையும் உட்காரவைத்துச் சொன்னவள். தன் வீட்டில் விழுந்தபோது அவளுக்கு நாக்கு எழவில்லை.

இன்றைக்கு விஷயம் வேறு. பனியன் கம்பெனி முதலாளி பழனிமுத்து, 'கூடவே'யிலிருந்து ஆறு பேரைத் தன் கம்பெனியிலேயே நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாமே உண்டு. முதலில் ஒருவர் வந்து ஒருநாள் வேலை செய்து காட்ட வேண்டும். அவர் நன்றாகச் செய்தால் மற்ற ஐந்து பேரும் வரலாம்.

அந்த ஒருவர் இளங்கோ. தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் பிசிறை வெட்டுவதில் 'கூடவே'யில் அவனை அடிக்க ஆள் இல்லை. அவன் பண்டிலில் இருந்து ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்ததில்லை. ஆயம்மாள் கடைசியாகப் பேசியதும் இதைப் பற்றித்தான். "நீ இருக்கறடீ, இல்லீங்கல. ஆனா அவன் யார் கையையும் எதிர்பாத்து நிக்கக்கூடாது பூவு. அவன் சம்பாத்தியத்துல அவன் சாப்புடோணும்."

கம்பெனி வாசலில் ஃபினிஷிங் சூப்பர்வைசர் சித்ரகலா சிரித்த முகமாக நின்றாள். "வாங்க இளங்கோ. உங்களப் பத்தித்தான் பேசிட்டே இருக்கறோமுங்க. மேடம், நீங்க உள்ள வர வேண்டாமுங்க. நீங்க பக்கத்துல நின்னா அவரு உங்களயே பாத்துட்டு இருப்பாரு. மத்தியானமா வாங்க."

நியாயம்தான். பூங்குழலியே எத்தனை அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறாள் இதை! எதிரே பேக்கரியில் உட்கார்ந்து டீ சொன்னாள். குடிக்கத் தோன்றவில்லை. அவன் பயப்படாமல் இருப்பானா, பாத்ரூமுக்கு வழி கேட்பானா, யாராவது கேலி செய்தால் என்ன செய்வான் என்று மனசு உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. வேலையைப் பற்றி மட்டும் அவள் துளிக்கூடக் கவலைப்படவில்லை.

மத்தியானத்துக்கு முன்பே போன் வந்தது.

"மேடம், கொஞ்சம் உள்ள வர்றீங்களா?"

டேபிள் டேபிளாகப் பெண்கள் நின்று செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் இந்தியில் பேச்சு, இன்னொரு பக்கம் மதுரைப் பேச்சு. மூலை டேபிளில் இளங்கோ முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். முன்னால் வெள்ளை டி-ஷர்ட்டுகள், ஓரம் பிசகாமல் அடுக்கி வைத்திருந்தான். ஸ்கூலில் முதல் வரிசைப் பிள்ளை மாதிரி அத்தனை பெருமை அவன் முகத்தில்.

சித்ரகலா ஒரு பீஸை எடுத்து விரித்தாள். "பாருங்க. வலது கை, கழுத்து, வலது பக்கத்து பாட்டம், அவ்வளவு நீட்டா இருக்குது. எங்க பொண்ணுங்ககூட இப்படி வெட்டமாட்டாங்க. இந்தப் பக்கம் பாருங்க."

இடது கையில் ஒட்டுத் தையல் முனையில் நூல் தொங்கியது. இடது தோளிலும் தொங்கியது. அடுத்த பீஸ், அதற்கடுத்தது, எல்லாமே அப்படித்தான். பாதி வேலை முடிந்திருந்தது, பாதி தொடாமலே இருந்தது.

"இதையும் வெட்டுங்கன்னு நாலஞ்சு தடவ சொல்லிட்டேனுங்க. தலையாட்டறாரு, வெட்டமாட்டேங்கறாரு. வாசலையே பாத்துட்டு இருக்கறாரு" என்றாள் சித்ரகலா.

பூங்குழலி அந்த பீஸைக் கையில் வாங்கிக்கொண்டாள். அவன் பக்கத்தில் குனிந்தாள். "இளங்கோ, ஏங் கண்ணு இதை வெட்டல?"

"அது அம்மாது."

"என்னது?"

"இந்தக் கை என்னுது. அந்தக் கை அம்மாது." இதுகூடத் தெரியாதா என்று கேட்பது மாதிரி அக்காவைப் பார்த்தான். "நான் வெட்டி வெப்பேன். அம்மா வந்து வெட்டும்."

"அம்மா ஊர்ல இருக்குதே சாமி."

"ராத்திரி வருதுக்கா! சென்டர்ல நான் பெட்டியில வெச்சுட்டு வருவேனா, காலையில பாத்தா வெட்டியிருக்கும். தெனமும் வந்துட்டுத்தான் போகுது." குரலைத் தணித்துக்கொண்டான். "இந்தக் கம்பெனி அதுக்குத் தெரியாது. நீ போன் பண்ணி வழி சொல்லுக்கா. பாவம், எங்காவது தேடிட்டு நிக்கும்."

சித்ரகலா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆயம்மாள் கருமாதிக்குப் பழனிமுத்துவோடு வந்துவிட்டுப் போனவள் அவள்.

பூங்குழலி தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது கதவு வரை கூட வந்தாள். "முதலாளி சாயந்தரம் கேப்பாருங்க. என்னால பொய் சொல்ல முடியாதுங்க மேடம். நாளைக்கு அவரே உங்க சென்டருக்கு வர்றதா இருக்கறாரு. அங்க பீஸெல்லாம் சுத்தமாத்தான வருது? அங்க எப்படிச் செய்யறாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்றேன்னு சொல்லுவாரு. நான் பேசிப் பாக்கறேனுங்க."

அங்கே எப்படிச் செய்கிறார்கள்? அந்தக் கேள்விதான் வழி நெடுகப் பூங்குழலியின் மண்டையைக் குடைந்தது. பின்னால் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்திருந்த இளங்கோ, ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் நின்றவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அனுப்பர்பாளையத்தில் முன்பு பாத்திரப் பட்டறையாக இருந்த நீளமான கொட்டகைதான் 'கூடவே'. முன்பக்கம் ஆபீஸ். பூங்குழலி அங்கே இருக்கிற நேரமே குறைவு. நன்கொடைக்கும் ஆர்டருக்கும் காதர்பேட்டை, கலெக்டர் ஆபீஸ் என்று அலைந்துவிட்டு இருட்டுகிற நேரத்துக்கு வருவாள். வந்து பார்த்தால் பண்டில் கட்டி ரெடியாக இருக்கும். அதைப் பார்த்து மனசு குளிரும். அதற்கு மேல் கேட்டதில்லை.

இளங்கோவை உள்ளே பாயில் உட்காரவைத்துவிட்டு, "ரோஸ்மேரி!" என்று கூப்பிட்டாள்.

ரோஸ்மேரி, இங்கே வருகிற சகாயராஜின் அம்மா. திருநெல்வேலிப் பக்கம் இருந்து பிழைக்க வந்தவள். பகலில் இங்கேயே சமையல் செய்கிறாள். பூங்குழலியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன டீச்சர், அதுக்குள்ள வந்துட்டீய? எங்க இளங்கோ ராசா என்ன செஞ்சான்?"

"ராத்திரி பெட்டியில இருக்கிற பீஸை யாரு வெட்டறது?"

ரோஸ்மேரியின் சிரிப்பு அப்படியே நின்றது. கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"நான்தான் டீச்சர்."

"அதுக்கு முன்னாடி?"

"ஆயம்மாக்கா."

"மத்தவங்க பீஸெல்லாம்?"

"அது அவுகவுக அம்மாமாரு." இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். கடகடவென்று கொட்டிவிட்டாள். "சாயந்தரம் பிள்ளையளக் கூப்பிட வருவோம்லா, அப்ப பின்பக்கம் உக்காந்து எல்லாத்தையும் ஒருக்கா பாத்துருவோம். விட்டதை வெட்டுவோம். உங்க தம்பிக்கு மட்டும் ஆயம்மாக்கா பக்கத்துலயே உக்காந்து ஆளுக்கு ஒரு கைன்னு வெட்டுவாவ. அவனுக்கு அது வெளாட்டு மாதிரி. அக்கா போன பொறவு அவன் பாட்டுக்குப் பாதி வெட்டிப் பெட்டியில வச்சிட்டுப் போறான். எனக்கு மனசு கேக்கல. நான் வெட்டி வச்சேன்."

"எத்தனை வருஷமா நடக்குது?"

"தொடக்கத்துல இருந்தே."

பூங்குழலிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னை ஏமாத்தியிருக்கீங்க! ஊரையெல்லாம் ஏமாத்த வெச்சிருக்கீங்க! எங்க பசங்க வேலையைப் பாருங்கன்னு நான் நெஞ்சை நிமித்திப் பேசினேனே, அது யார் வேலை? அவங்களால எவ்வளவு முடியும்னு ஒருநாளாவது பாக்க விட்டீங்களா? இளங்கோவுக்கு ரெண்டு கையும் வெட்டத் தெரியுமா தெரியாதான்னு எனக்கே தெரியாதே இப்ப! எங்கம்மாவுக்கு அவன்மேல அவ்வளவு நம்பிக்கை இல்லாம போச்சா?"

"அவனுக்காகன்னா நெனச்சீய?" ரோஸ்மேரி மெல்லக் கேட்டாள். "மொத மொத வந்த துணி லாட்டு ஞாபகம் இருக்கா டீச்சர்? பாதிக்குப் பாதி ரிஜெக்ட்டுன்னு கம்பெனிக்காரன் வாசல்ல கொட்டிட்டுப் போனான். நீங்க ஆபீஸ் கதவைச் சாத்திட்டு அழுதிய. சத்தம் வெளிய வரக்கூடாதுன்னு ஃபேனைக் கூட்டி வச்சிய. ஆயம்மாக்கா கதவுக்கு வெளிய நின்னு கேட்டாவ. மறுநாள்தான் பச்சைக் கயிறு கட்டுன கட்டரோட வந்தாவ. 'எம் மக இன்னொரு நாள் இப்படி அழக்கூடாது, ஆளுக்குக் கொஞ்சம் கை குடுங்க'ன்னு எங்ககிட்ட கேட்டாவ. நீங்க மேடையில பேசும்போது கீழ இருந்து நாங்கதான் கை தட்டுவோம். வெரலெல்லாம் காச்சுக் கெடக்கும், வலிக்கும். இருந்தாலும் தட்டுவோம்."

பூங்குழலி பக்கத்திலிருந்த பண்டில் மேல் உட்கார்ந்துவிட்டாள். பத்து வருஷம்! சாயந்தரம் இளங்கோவோடு சும்மா பேச்சுத் துணைக்கு உட்கார்ந்திருக்கிறாள் அம்மா என்றுதான் நினைத்திருந்தாள். கண் சரியாகத் தெரியவில்லை என்று கடைசி வருஷம் அம்மா இரண்டு தடவை சொன்னாள். நேரம் கிடைக்கும்போது கூட்டிப்போகிறேன் என்று இவள் சொன்னாள். அந்தக் கண்ணால்தான் நூல் தேடியிருக்கிறாள்.

அழுகை வந்தது. இந்தத் தடவை கதவைச் சாத்த நேரமில்லை.

ரோஸ்மேரி அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். "நான் செஞ்சது தப்புதான் டீச்சர். ராத்திரி அம்மா வருதுன்னு அவன் எங்கிட்டயும் சொன்னான். எம் பாவம், நான் தலையாட்டுனேன். ஆனா சகாயத்துக்க அப்பா தவறுனப்ப நீங்க எங்கிட்ட என்ன சொன்னிய? மவனக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போ, அவன் கையால மண்ணு போடச் சொல்லுன்னு ஒத்தக்கால்ல நின்னிய. அவன் கத்துனான், உருண்டான். பொறவு அடங்கிட்டான். இப்பமும் ஞாயித்துக்கிழமை போயி பூ வச்சிட்டு வாரான். உங்க தம்பி இன்னும் வாசலப் பாத்துட்டு இருக்கான் டீச்சர்."

வேலை முடிகிற நேரம் வரை ஆபீஸிலேயே இருந்துவிட்டு, பூங்குழலி முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

மற்றவர்களெல்லாம் கிளம்பிப் போயிருந்தார்கள். சாயந்தர வெயில் கொட்டகையின் தகர ஓட்டை வழியாகப் பாயில் விழுந்தது. இளங்கோ ஒரு டி-ஷர்ட்டை மடியில் விரித்து வலது கையை வெட்டிக்கொண்டிருந்தான். பூங்குழலி அவன் பக்கத்தில், அம்மா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள்.

"இளங்கோ, அக்கா உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவன் கட்டரைக் கீழே வைத்தான். பொய் என்றால் அவனுக்கு ஆகாது.

"அம்மா ஊருக்குப் போகல கண்ணு. அம்மா செத்துப்போச்சு. ஆஸ்பத்திரியில. ஊருல, தோட்டத்துல, அப்பா பக்கத்துல மண்ணுல வெச்சுட்டோம். இனி வராது. ராத்திரி வந்து வெட்டினது அம்மா இல்ல, ரோஸ்மேரி."

அவன் மடியிலிருந்த டி-ஷர்ட்டின் இடது கையைத் தடவிக்கொண்டே இருந்தான். அவசரப்படுத்தக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், இன்று தானும் காத்திருந்தாள்.

"அம்மாவுக்கு வலிச்சுதா?"

"கொஞ்சம்."

"கூட யாரு இருந்தா?"

"நான் இருந்தேன்."

"என்னைய ஏன் கூப்புடல?"

"நீ பயந்துக்குவன்னு நெனச்சேன் சாமி."

"நான் பயந்துக்க மாட்டேன்" என்றான். "அம்மா தேடியிருக்கும். எங்கடா இளங்கோன்னு தேடியிருக்கும்."

தேடினாள். உண்மைதான். மாஸ்க்கை விலக்கிவிட்டு இரண்டு தடவை வாசல் பக்கம் பார்த்தாள். பூங்குழலியால் அதை இல்லை என்று சொல்ல முடியவில்லை. "தேடுச்சு கண்ணு" என்றாள்.

அப்போதுதான் அவன் அழுதான். சித்தப்பா பயந்த மாதிரி சத்தம் போடவில்லை. முதுகு குலுங்க, டி-ஷர்ட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அக்கா தோளைத் தொட்டதும் உதறினான். அவளும் கையை எடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அழுது முடிந்ததும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். பையைத் திறந்து பச்சைக் கயிறு கட்டரை எடுத்தான். டி-ஷர்ட்டின் இடது கையை அக்காவின் மடியில் போட்டு, கட்டரை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"நீ வெட்டு."

பத்து வருஷம் இந்த அறக்கட்டளையை நடத்தியவள் ஒரு பிசிறு வெட்டியதில்லை. கண்ணீரில் நூல் எது துணி எது என்று தெரியவில்லை. நறுக்கென்று வெட்டினாள். துணியிலேயே ஓட்டை விழுந்தது.

இளங்கோ அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "ரிஜெக்ட்" என்றான். குரலில் கோபம் இல்லை. பச்சைக் கட்டரை அவளிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டு, அந்த டி-ஷர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தான். பாதி வெட்டிய இன்னொன்றையும் மடித்து வைத்தான்.

"இதெல்லாம் எதுக்குக் கண்ணு?"

"நாளைக்கு அம்மாகிட்டப் போலாம். காட்டிட்டு வந்தர்றேன்." ஜிப்பை மூடினான். "அப்பறம் ரெண்டு கையும் நானே வெட்டிக்கறேன்."

ஆபீஸில் போன் அடித்தது. பழனிமுத்து.

"என்னம்மா, சித்ரகலா சொல்லுச்சு. மனசு ஒரு மாதிரியா இருக்குது. நாளைக்குக் காலையில அங்க வர்றேன். எல்லாருமா உக்காந்து எப்படி வேலை செய்யறாங்கன்னு ஒருக்காப் பாத்தர்றேன். அப்பறம் பேசிக்கலாம்."

"நாளைக்கு நான் இருக்க மாட்டேனுங்க. எங்கம்மா செத்துப்போச்சுங்க. தம்பியைக் கூட்டிட்டு ஊருக்குப் போகோணும்."

"கண்ணு, அம்மா தவறி மாசம் ஆகப்போகுதே? நான்கூட கருமாதிக்கு வந்திருந்தேனே?"

"ஆமாங்க. எனக்கு அன்னிக்கே செத்துப்போச்சுங்க. எந்தம்பிக்கு இன்னிக்குத்தானுங்க."

"சரி சாமி. போயிட்டு வாங்க. ஆனா நான் வர்றது வர்றதுதான், வேற நாள் எனக்குத் தோதில்ல. அந்தச் சமையல்கார அம்மா இருப்பாங்கல்ல? அவங்ககிட்டயே எல்லாம் கேட்டுக்கறேன்."

போனில் வந்த அந்தக் குரலை வாசலில் நின்றே கேட்டுவிட்ட ரோஸ்மேரி மாரில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ மாதாவே! நாளைக்கு அவுக வந்து கேட்டா நான் என்ன சொல்ல டீச்சர்? நெசத்தச் சொல்லவா?"

பூங்குழலி பதில் சொல்வதற்குள் இளங்கோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, அம்மாகிட்டப் போக எந்த பஸ்ஸு?"

"உடுமலை பஸ் ஏறி, அங்க மாறோணும் கண்ணு" என்றாள் அவள்.

ரோஸ்மேரி இன்னும் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.